இடப்பக்கம், நான்காவது விளக்கு

மகாராஷ்டிரத்தில் நவராத்திரி விரதம் தொடங்குமுன் சேலத்து ஜவ்வரிசி அங்கே கடைகளுக்குப் போய்ச் சேர்ந்துவிட வேண்டும். விரத நாட்களில் அரிசி, கோதுமை தொடாத வீடுகளில் ஜவ்வரிசியில்தான் கிச்சடி கிளறுகிறார்கள், வடை தட்டுகிறார்கள். நம் ஊரில் பாயசத்தையும் வடாமையும் தாண்டி அதற்குப் பெரிய மரியாதை கிடையாது. இரண்டாம் உலகப் போரில் மலாயாவிலிருந்து சரக்கு வருவது நின்றதும் சேலத்தில் வேர்பிடித்த தொழில் இது. 1981இல் சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கம் வந்தது. 2023இல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. ராசிபுரம், ஆத்தூர், சேந்தமங்கலம் காடுகளில் பிடுங்கிய மரவள்ளிக் கிழங்கு ஆலைக்குப் போய், பாலாகி, மாவாகி, உருண்டையாகி, 90 கிலோ மூட்டைகளில் வடக்கே போகிறது.

அப்படி இருபது டன்னுக்கு மேல் மூட்டை ஏற்றி, தார்ப்பாய் இழுத்துக் கட்டி, நாமக்கல்லிலிருந்து நாக்பூருக்குக் கிளம்பிய பன்னிரண்டு சக்கர லாரியில் எனக்கு ஓர் இடம் கிடைத்தது. ஓட்டுநர் திருச்செங்கோட்டுக்காரர். நான் அவரை அண்ணா என்றேன், அவர் என்னை சார் என்றார். கடைசிவரை இருவரும் அதை மாற்றிக்கொள்ளவில்லை. கிளீனர் தம்பி ஒருவன். இந்தக் காலத்தில் கிளீனர் கிடைப்பதே பெரிய விஷயம் என்று அண்ணன் அவன் காதுபடவே சொன்னார். அவனும் அதைச் சம்பள உயர்வுக்கான முதல் படியாக எடுத்துக்கொண்டதாகத் தெரிந்தது.

நாமக்கல் மலைக்கோட்டையைச் சுற்றியுள்ள ஊரில் பாதி, லாரியைக் கட்டுகிறது. மீதி, லாரியை ஓட்டுகிறது. சேஸ் மட்டும் கம்பெனியிலிருந்து வரும். ஓட்டுநர் உட்கார ஒரு தற்காலிக இருக்கை, ஒரு ஸ்டியரிங், பின்னால் நீளமாக இரண்டு இரும்பு உத்திரங்கள், அவ்வளவுதான். தலையில் துண்டு கட்டிக்கொண்டு அதை ஓட்டி வருவார்கள். மேலே பாடி கட்டுவது, பெயின்ட் அடிப்பது, சாமி படம் எழுதுவது, பக்கவாட்டில் விளக்கு வைப்பது எல்லாம் உள்ளூர்ப் பட்டறை வேலை. எங்கள் வண்டி பாடி கட்டி வெளியே வந்து அதிக நாள் ஆகவில்லை. பெயின்ட் வாசனை இன்னும் முழுசாகப் போகவில்லை.

வழி நெடுக ஒரே சாலைதான். கன்னியாகுமரியிலிருந்து ஸ்ரீநகர் வரை போகும் தேசிய நெடுஞ்சாலை 44. பழைய ஆட்கள் இதன் தென்பகுதியை இன்றைக்கும் ‘ஏழாம் நம்பர் ரோடு’ என்றுதான் சொல்கிறார்கள். சேலம் தாண்டி, தொப்பூர் கணவாயில் இரண்டாவது கியரில் முனகிக்கொண்டு ஏறினோம். எதிர்ப்பக்கம் தர்மபுரியிலிருந்து இறங்கும் வண்டிகளுக்குத்தான் அது எமகண்டம். வடக்கே போகிறவர்களுக்குப் பொறுமைச் சோதனை மட்டுமே. இருட்டிவிட்டது. விளக்கெல்லாம் ஒழுங்காக எரிந்தது. இதைக் குறிப்பாகச் சொல்லக் காரணம் பின்னால் வரும்.

கிருஷ்ணகிரி சுங்கச்சாவடியைத் தாண்டியதும், எல்லா லாரிக்காரர்களும் செய்வதுபோல, டயரைத் தட்டிப் பார்க்கவும் கயிற்றை இழுத்துப் பார்க்கவும் அண்ணன் வண்டியை இடது ஓரமாக மண்ணில் இறக்கினார். இறங்கும்போதே டேஷ்போர்டு மீட்டர் விளக்குகள் பொக்கென்று அணைந்தன. ஹெட்லைட் எரிகிறது, மீட்டர் மட்டும் இருட்டு.

“பார்க்கிங் லைட்டு ஃபியூஸ் போயிருச்சுங்க சார்” என்றார், ஃபியூஸ் பெட்டியைத் திறந்துகூடப் பார்க்காமல். அந்த வண்டியில் மீட்டர் விளக்கு, முன்பார்க்கிங், பின்னால் சிவப்பு, நம்பர் பிளேட், பாடி ஓரத்து மஞ்சள் விளக்குகள் எல்லாமே ஒரே ஃபியூஸில். முதுகுப்பக்கம் இருட்டாகிவிட்டதை ஓட்டுகிறவருக்குச் சொல்வது இந்த மீட்டர் மட்டும்தான். அது வேறு ஃபியூஸில் இருந்திருந்தால் பெங்களூரு வரை தெரிந்திருக்காது.

இது சின்ன விஷயமில்லை. பின்விளக்கின் சிவப்பு 155 மீட்டர் தூரத்திலிருந்து தெரிய வேண்டும் என்பது 1989ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதி. மணிக்கு நூறு கிலோமீட்டரில் வருகிற காருக்கு அந்த 155 மீட்டர் ஐந்தரை விநாடி. சிவப்பு இல்லாவிட்டால் தன் ஹெட்லைட் வெளிச்சத்தில் லாரியின் பின்பலகை தெரிந்த பிறகுதான் பிரேக் மிதிப்பான். நெடுஞ்சாலை விபத்துச் செய்தியில் ‘நின்றிருந்த லாரி மீது கார் மோதி’ என்று படிக்கும்போதெல்லாம் கார்க்காரனின் வேகத்தைப் பற்றியே பேசுகிறோம். அந்த லாரியின் ஃபியூஸ் எப்படி இருந்தது என்று ஒருவரும் கேட்பதில்லை.

கிளீனர் தம்பி போனதைப் பிடுங்கிப் புதுசைச் செருகினான். விளக்கு வந்தது. பிடுங்கியதைத் தீப்பெட்டிக்குள் போட்டுக்கொண்டான். “எதுக்குடா அது?” என்று கேட்டார் அண்ணன். “கடையில காட்டி அதே கலர் வாங்கணும்ல.” சிவப்பு நிறம், பத்து ஆம்பியர். நீலம் பதினைந்து, மஞ்சள் இருபது, பச்சை முப்பது. எழுத்துக் கூட்டத் தெரியாதவர்களும் இந்த நிறங்களை மனப்பாடமாக வைத்திருக்கிறார்கள்.

பெங்களூரை நள்ளிரவில் கடந்து, பாகேபள்ளி தாண்டி ஆந்திர எல்லைக்குள் ஒரு தாபாவுக்குத் திரும்பினோம். வாசலில் சாக்கடைக்கு மேல் போட்ட சரிவு. அதில் இறங்கும்போது மறுபடியும் மீட்டர் இருண்டது.

இப்போது ஆளுக்கொரு யோசனை. மொத்தம் எத்தனை விளக்கு, லோடு தாங்கவில்லை என்றான் தம்பி. பட்டறையில் ஆசைப்பட்டு நாலு விளக்கு அதிகம் வைத்திருக்கிறார்கள் என்பது உண்மைதான். ஆனால் கணக்கு அதை ஒத்துக்கொள்ளவில்லை. லாரியில் பன்னிரண்டு வோல்ட் பேட்டரி இரண்டைத் தொடராக இணைத்து 24 வோல்ட். ஐந்து வாட் பல்பு ஒன்று இழுப்பது ஆம்பியரில் ஐந்தில் ஒரு பங்கு. இருபது பல்பு எரிந்தாலும் நாலு ஆம்பியர் சொச்சம். பத்து ஆம்பியர் ஃபியூஸ் அதைக் கண்டுகொள்ளவே கூடாது. அண்ணனின் சந்தேகம் வேறு: “ரெண்டு தடவையும் லெஃப்ட் இண்டிகேட்டர் போட்டேனுங்க. அதுலதான் ஏதோ ஒட்டுது.” கேட்க நியாயமாகத்தான் இருந்தது. இடது இண்டிகேட்டர் பல்பைக் கழற்றி, ஹோல்டரைச் சுரண்டி, ஒயரை டேப் சுற்றி வைத்தார்கள்.

தாபாவை ஒட்டிய பங்க்சர் கடைக்காரர் இன்னும் எளிய வைத்தியம் சொன்னார். பச்சை ஃபியூஸ் ஒன்றை எடுத்து நீட்டினார். முப்பது ஆம்பியர். “இதைப் போடு, நாக்பூர் என்ன, டெல்லி வரைக்கும் போகாது.” அவர் சொன்னதில் பொய்யில்லை, ஃபியூஸ் போகாதுதான். அதற்குப் பதிலாக ஒயர் போகும். ஃபியூஸ் வைத்திருப்பது பல்பைக் காப்பாற்ற என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். அது ஒயரைக் காப்பாற்ற வைத்தது. அந்த ஒயரின் தடிமன் எத்தனை ஆம்பியர் தாங்குமோ அதற்குக் கீழே ஃபியூஸ் உருக வேண்டும். முப்பதைப் போட்டால் மெல்லிய ஒயர் நீளம் முழுக்கச் சூடாகி, உறை உருகி, பக்கத்தில் இருப்பதைப் பற்றும். பக்கத்தில் இருந்தது தார்ப்பாயும் பிளாஸ்டிக் சாக்கும். அந்தக் காலத்தில் சிகரெட் பெட்டியின் ஈயத்தாளைச் சுருட்டி ஃபியூஸ் இடத்தில் வைப்பார்களாம். அண்ணனின் மாமா ஒருவர் அப்படிச் செய்து வண்டியின் முன்பாதியை இழந்தவர். அண்ணன் பச்சையை வாங்காமல் சிவப்பு நாலு வாங்கிக்கொண்டார்.

விடிந்தபின் விளக்குக் கவலை ஓய்ந்தது. பெனுகொண்டா, அனந்தபூர். ராயலசீமையின் பாறைகளைப் பகலில் பார்ப்பது ஓர் அனுபவம். யாரோ அடுக்கிவைத்துவிட்டு மறந்துபோன குன்றுகள். நடுவே நிலக்கடலைக் காடு. மாலையில் குத்தி. சாலையிலிருந்தே கோட்டை மலை தெரிகிறது. சென்னை மாகாண கவர்னர் தாமஸ் மன்றோ 1827இல் காலராவில் இறந்தது இங்கிருந்து கொஞ்ச தூரத்தில் உள்ள பத்திகொண்டாவில். முதலில் குத்தியில்தான் புதைத்தார்கள். பிறகுதான் சென்னைக் கோட்டையின் புனித மேரி தேவாலயத்துக்குக் கொண்டுபோனார்கள். சென்னைத் தீவுத்திடலில் அங்கவடி இல்லாத குதிரையில் உட்கார்ந்திருக்கிறாரே, அவரேதான். இதை அண்ணனிடம் சொன்னேன். “அந்தக் காலத்துல குதிரைக்கு லைட்டு வேண்டியதில்லீங்க” என்று முடித்துவிட்டார்.

குத்தியில் லாரிகள் நிற்கும் மைதானத்துக்குள் நுழைந்தபோது ஃபியூஸ் போயிற்று. இண்டிகேட்டரில் பல்பே இல்லை, இருந்தும் போயிற்று. அத்துடன் அண்ணனின் சந்தேகம் ஒழிந்தது. இருட்டில் ஓட்டுவதில்லை என்று முடிவுசெய்து அங்கேயே படுத்தோம். ஜவ்வரிசிக்கு ஒரு ராத்திரியில் ஒன்றும் ஆகிவிடாது.

காலையில் கர்நூல் புறவழியை ஒட்டிய ஒரு எலக்ட்ரீஷியன் கடை. தகரக் கூரை, பழைய டைனமோக்கள், செல்ப் மோட்டார்கள், சுவரில் மெக்கா படம், ஒரு மேசை விசிறி. அறுபதைத் தாண்டிய பாய். தெலுங்கும் உருதும் கலந்து பேசினார். அண்ணனின் ரோட்டுத் தெலுங்கு அதற்குப் போதுமானதாக இருந்தது.

பாய் வண்டியைத் தொடவில்லை. முதலில் போன ஃபியூஸ் இருக்கிறதா என்று கேட்டார். தம்பி தீப்பெட்டியை நீட்டினான், முகத்தில் நியாயமான பெருமை. பாய் ஒவ்வொன்றாக வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தார். லோடு கூடிப் போன ஃபியூஸில் உள்ளே இருக்கும் கம்பி நடுவில் உருகி, சின்ன இடைவெளி மட்டும் இருக்கும். பிளாஸ்டிக் சுத்தமாக இருக்கும். நேரடி ஷார்ட் என்றால் கம்பி வெடித்துச் சிதறி, உள்பக்கம் கருப்பாகப் படிந்திருக்கும். தீப்பெட்டியில் இருந்தவை எல்லாமே கருப்பு. “ஒயர் சேஸைத் தொடுகிறது. பல்புக் கணக்கு பார்க்க வேண்டாம்.”

அடுத்து கேட்டதுதான் நான் எதிர்பாராத கேள்வி. எங்கெங்கே போயிற்று?

அண்ணன் ஊர்ப் பெயர்களைச் சொன்னார். பாய் தலையாட்டினார், அது போதாது. அந்த இடத்தில் வண்டி என்ன செய்துகொண்டிருந்தது? ஓடிக்கொண்டிருந்ததா, திரும்பியதா, ஏறியதா, இறங்கியதா? நான் வழிக்குறிப்புக்காக நோட்டில் எழுதி வந்திருந்தேன். மன்றோவும் பாறைகளும் தாபாச் சட்னியும் இருந்த பக்கங்களில் அதுவும் இருந்தது. கிருஷ்ணகிரியில் தாரிலிருந்து மண்ணுக்கு இடதுபக்கமாக இறங்கியபோது. தாபாவில் சாக்கடைச் சரிவில் குறுக்காக. குத்தியில் மைதானத்து வாசல் மேட்டில். தொப்பூர் ஏற்றத்தில் போகவில்லை. பெங்களூரு மேம்பாலங்களில் போகவில்லை. நூறு கிலோமீட்டர் நேர்ரோட்டில் குலுங்கி ஓடியபோதும் போகவில்லை.

பாய் சிரித்தார். “ஒரு சக்கரம் மேலே, ஒரு சக்கரம் கீழே.”

லாரி சேஸ் விறைப்பான பொருளல்ல. நீளமான இரண்டு உத்திரங்கள், இடையே குறுக்குச் சட்டங்கள், ரிவெட் அடித்த இணைப்பு. மேடு பள்ளத்தில் ஈரத் துண்டைப் பிழிவதுபோல அது கொஞ்சம் முறுகிக்கொடுக்கும். முறுகாவிட்டால் உடைந்துவிடும். தொப்பூர் எவ்வளவு செங்குத்தாக இருந்தாலும் அங்கே இடச்சக்கரமும் வலச்சக்கரமும் சேர்ந்தே ஏறுகின்றன. சேஸ் நேராகவே இருக்கிறது. சாலையைவிட்டுக் குறுக்காக இறங்கும்போதுதான் ஒரு மூலை தூக்கி, எதிர் மூலை தாழ்கிறது. மேலே இருபது டன். அந்த ஒரு கணத்தில் எங்கோ ஓர் ஒயர் இரும்பைத் தொட்டுவிட்டு, வண்டி சமமானதும் ஒன்றும் தெரியாததுபோல விலகிவிடுகிறது. பட்டறையின் சமதளத்தில் எந்த மீட்டர் வைத்துப் பார்த்தாலும் குற்றம் தெரியாது. இத்தனை ஊர் தாண்டியும் அது சிக்காததற்குக் காரணம் இதுதான். எங்கள் பயணம்தான் அதைப் பிடிக்கும் கருவியாக இருந்திருக்கிறது. அதை வாசிக்கத் தெரிந்த ஆள் கர்நூலில் இருந்தார்.

பிறகு நடந்தது வேகமாக நடந்தது. பாய் ஃபியூஸைப் பிடுங்கி, அந்த இடத்தில் பழைய ஹெட்லைட் பல்பு ஒன்றின் இரண்டு ஒயர்களைச் செருகினார். இதைவிட மலிவான, இதைவிட நல்ல கருவி எனக்குத் தெரியவில்லை. பல்பு வழியாக மூன்று ஆம்பியருக்கு மேல் போக முடியாது. ஆகவே எத்தனை முறை ஷார்ட் ஆனாலும் எதுவும் எரியாது, ஃபியூஸ் செலவும் இல்லை. எல்லாம் ஒழுங்காக இருந்தால் அது மங்கலாக எரியும். ஒயர் இரும்பைத் தொட்டால் முழு வெளிச்சம் வரும், வண்டியின் மற்ற விளக்குகள் அணையும். சமதளத்தில் மங்கல்தான். கடைக்கு எதிரே ஜல்லிக் குவியல் ஒன்று கிடந்தது. அண்ணன் வண்டியைப் பின்னால் எடுத்து, இடது பின்சக்கரத்தை அதன்மேல் ஏற்றினார். பல்பு பளீரென்று எரிந்தது.

அந்த நிலையிலேயே நிறுத்தி, பிரேக் போட்டு, முன்சக்கரத்துக்குக் கட்டை வைத்தார்கள். தம்பி ஒவ்வோர் இணைப்பாகக் கழற்றினான். பாய் பல்பையே பார்த்துக்கொண்டிருந்தார். பின்விளக்குக் கனெக்டரைக் கழற்றியும் பளீர். வலப்பக்க மஞ்சள் விளக்கு வரிசையைக் கழற்றியும் பளீர். இடப்பக்க வரிசையைக் கழற்றியதும் மங்கிவிட்டது. அதை மாட்டிவிட்டு, கடைசி விளக்கிலிருந்து முன்னோக்கி ஒவ்வொன்றாகப் பிரித்து வந்தார்கள். முன்னாலிருந்து எண்ணினால் நான்காவது விளக்கு. அதற்குப் போகும் ஒயர், பாடியைத் தாங்கும் குறுக்கு இரும்புச் சட்டத்தில் துளை போட்டு நுழைகிறது. துளையில் ரப்பர் வளையம் இல்லை. ஒயரும் தளர்வே இல்லாமல் விறைப்பாக இழுத்துக் கட்டப்பட்டிருந்தது. பாடி முறுகும்போதெல்லாம் துளையின் விளிம்பு ஒயரை அறுத்திருக்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் நல்ல ஒயர். இரும்பை நோக்கிய பக்கம் உறை போய், செம்பு பளபளத்து, நுனியில் கருப்பாக ஒரு மணி உருகித் திரண்டிருந்தது.

ரப்பர் வளையத்தின் விலை சில ரூபாய். பட்டறையில் அது வாங்கத் தெரியாமல் இல்லை. டெலிவரி தேதி நெருங்கும்போது பெயின்டரும் ஒயரிங்காரரும் ஒரே நாளில் வண்டியைச் சுற்றி நிற்பார்கள், பெயின்டர்தான் ஜெயிப்பார். வெளியே தெரியும் வேலைக்கு உரிமையாளர் வந்து நிற்கிறார், சட்டத்துக்கு உள்ளே தெரியாத துளைக்கு யார் வந்து நிற்கிறார்கள்?

பாய் அறுபட்ட இடத்தை வெட்டி, ஒரு சாண் புது ஒயர் வைத்து, ஈயம் பற்றவைத்து, ஸ்லீவ் போட்டார். பழைய ரப்பர் ஓஸ் துண்டு ஒன்றைத் துளைக்குள் கொடுத்து, அதன் வழியாக ஒயரைத் தளர்வாக விட்டுக் கட்டினார். அண்ணன் பையில் கைவிட்டார். பாய் உடனே பணம் வாங்கவில்லை, வலப்பக்கத்தைக் காட்டினார். அதே பட்டறை, அதே ஒயரிங்காரர், அதே அளவுத் துளை. பார்த்தால் அங்கும் நான்காவது விளக்கில் உறை பாதி தின்னப்பட்டிருந்தது. இன்னும் சில தாபா வாசல்கள் இறங்கினால் வெடித்திருக்கும். இரண்டுக்கும் சேர்த்து அவர் கேட்ட கூலியை இங்கே எழுதினால் பெங்களூரு சர்வீஸ் சென்டர்க்காரர்கள் கோபித்துக்கொள்வார்கள்.

துங்கபத்திரைப் பாலம் தாண்டினால் தெலங்கானா. ஐதராபாத்தை வெளிவட்டச் சாலையில் சுற்றி, காமாரெட்டி, கோதாவரி, நிர்மல். அண்ணன் இப்போது வேண்டுமென்றே மோசமான வாசல் உள்ள தாபாக்களாகப் பார்த்துத் திருப்பினார். சாப்பாடு எப்படி இருந்தாலும் சரி, சரிவு குறுக்காக இருக்க வேண்டும். இறங்கும்போது மூவர் கண்ணும் மீட்டரில். அது அணையவில்லை. அதிலாபாத்தில் கரிசல் மண்ணும் பருத்தியும் தொடங்கின. பென்கங்கா ஆற்றைக் கடந்து மகாராஷ்டிரம். ஹிங்கன்காட் தாண்டி நாக்பூர் போய்ச் சேர்ந்தபோது விரதத்துக்கு இன்னும் நாள் இருந்தது. கிடங்கில் மூட்டை இறங்கத் தொடங்கியது.

அண்ணன் நிழலில் உட்கார்ந்து முதலில் பட்டறைக்குப் போன் போட்டார். அந்தப் பேச்சை எழுதுவதற்கில்லை. பிறகு அதே பட்டறையில் அதே மாதம் பாடி கட்டி எடுத்த இன்னொரு ஓட்டுநருக்குப் போட்டார். அவர் சிவனி பக்கம் எங்கோ போய்க்கொண்டிருந்தார். ஸ்பீக்கரில் குரல் கேட்டது.

“ஆமாண்ணா, எனக்கும் போயிட்டே இருந்துச்சு. ஒரு கடையில முப்பது போட்டுக் குடுத்தாங்க. அதுக்கப்புறம் பிரச்சினையே இல்லீங்கண்ணா. லேசா ஏதோ கருகுற வாசம் மட்டும் வருது.”

அண்ணன் எழுந்து நின்றுவிட்டார். “டேய், லைட்டை அணை. பக்கத்துல எந்த தாபா இருக்குதோ அதுக்குள்ள வண்டிய உடு, பங்க்குக்குப் போயிராத. பச்சைய மொதல்ல புடுங்கு. டார்ச் இருக்குதா? இடப்பக்கம் நாலாவது லைட்டு, அதுக்கு நேரா உள்ள குறுக்குச் சட்டம். கைய உடாத, சூடா இருக்கும்.”